கிழக்குச் சுவரில் ஒரு வாசல்

காற்று மேற்கிலிருந்து வீசிக்கொண்டிருந்தது. ஆடி மாதத்துக் காற்று. பாலக்காட்டுக் கணவாய்க்குள் நுழைந்து, வழியில் கிடக்கிற புழுதியை எல்லாம் வாரிக்கொண்டு வந்து திருப்பூர் மண்ணரை வீதிகளில் கொட்டும், கூரை ஓடுகளை உருட்டும், கொடியில் காயும் சேலையைப் பிடுங்கும். என்ன அட்டகாசம் செய்தாலும் திசையை மட்டும் மாற்றிக்கொள்ளாது. அப்படியிருக்க, கிழக்குச் சுவரில் புதிதாகத் திறந்த வாசலில் தொங்கவிட்டிருந்த சாக்குப் படுதா மட்டும் எதற்காக வீட்டுக்கு உள்பக்கமாகப் புடைத்து நிற்கிறது என்று பொன்னாத்தாளுக்கு விளங்கவில்லை.

அப்போதுதான் பனியன் கம்பெனியிலிருந்து வந்திருந்தாள். பகல் முழுக்கப் பனியன்களை விரித்து ஓட்டை இருக்கிறதா, தையல் விட்டிருக்கிறதா என்று பார்த்ததில் கண் இரண்டும் எரிந்தன. கண்ணைக் கசக்கிவிட்டு மறுபடி பார்த்தாள். வெளியிலிருந்து ஓர் ஆள் தோளைக் கொடுத்துச் சாய்ந்தால் எப்படி இருக்குமோ அப்படிப் புடைத்திருந்தது. கொஞ்ச நேரத்தில் மெல்லத் தளர்ந்து தொங்கியது.

"ஆருங்க அது?" என்றாள்.

படுதாவை விலக்கி எட்டிப் பார்த்தாள். சந்து காலியாகக் கிடந்தது. ஏதோ ஒரு மணம் மட்டும் மூக்கில் ஏறியது. அரப்புத் தேய்த்துத் தலைமுழுகியவள் ஈரக் கூந்தலோடு பக்கத்தில் நின்றால் வருமே, அந்த மணம். பக்கத்து வீட்டில் யாராவது குளித்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டு அடுப்பைப் பற்றவைக்கப் போனாள்.

திருப்பூரில் வீதிக்கு வீதி கம்பெனி முளைத்த காலம் அது. சனம் மூட்டை முடிச்சோடு வந்து இறங்கிக்கொண்டே இருந்தது. வேலை அன்றைக்கே கிடைத்துவிடும், வீடு மட்டும் கிடைக்காது. சொந்தமாக ஒரு சுவர் வைத்திருந்தவர்கள் எல்லாம் அதில் நாலு ஓடுகளைச் சாய்த்து வாடகைக்கு விட்டார்கள். விட்டதோடு நின்றார்களா? குடிவந்தவர்கள் மிளகாய் வறுக்கக் கூடாது, பொழுது சாய்ந்தால் தண்ணீர் சேந்தக் கூடாது, ஒறம்பரை என்று சொந்தபந்தம் வந்தால் இரவு தங்கக் கூடாது. பொன்னாத்தாளும் அவள் புருஷன் ரத்தினசாமியும் கல்யாணமான நாளிலிருந்து அப்படி ஒரு லைன் வீட்டில்தான் காலம் தள்ளினார்கள். ஒரு தடவை அவளுடைய அம்மா காய்ச்சலோடு வந்து திண்டாடி நின்றபோது, "சீக்காளிய எல்லாம் இங்க சேக்கறதில்லீங்க" என்று வீட்டுக்காரி சொல்லிவிட்டாள். அம்மாவைப் பஸ் ஏற்றித் திருப்பி அனுப்பினார்கள். போன கையோடு செத்துப்போனாள். அம்மாவைக் கொன்றது காய்ச்சல் இல்லை, வாடகை வீடுதான் என்று பொன்னாத்தாள் இன்றைக்கும் சொல்வாள்.

அதனால்தான் சுப்பண்ணன் தன் அக்காள் வீட்டை விற்கிறார் என்று கேள்விப்பட்டதும் தாலிக்கொடி உட்பட எல்லாவற்றையும் கழற்றிக் கொடுத்து வாங்கினாள். சுப்பண்ணன் தோட்டம் துரவு உள்ளவர், தங்கமான மனுஷன் என்று வீதியே சொன்னது. வீதி எதைத்தான் சொல்லாது! அவருடைய அக்காள் பெரியாத்தாள், பிள்ளைகுட்டி இல்லாத விதவை, தன் கையாலேயே மண் குழைத்துக் கட்டிய வீடாம். "அக்கா கண்ண மூடிட்டாங்க. எனக்கு எதுக்குங்க இந்த ஊடு? நீங்களாச்சும் நல்லா இருங்க" என்று சாவியைக் கொடுத்தபோது அவர் கண் கலங்கியது. வீடு புதுச் சுண்ணாம்பில் பளபளத்தது. குடிபுகுந்த அன்று அக்கம்பக்கத்தார் அத்தனை பேரும் வந்து பால் குடித்துவிட்டுப் போனார்கள். ஒருத்தராவது வாயைத் திறக்க வேண்டுமே!

வந்ததும் வராததுமாகக் கிழக்கறையை வாடகைக்கு விட்டுவிட வேண்டும் என்று பொன்னாத்தாள் ஒற்றைக் காலில் நின்றாள். தன்னையும் ஒருத்தி 'ஊட்டுக்காரம்மா' என்று கூப்பிட வேண்டும். ஆசை அது ஒன்றுதான். அறைக்குச் சந்துப் பக்கம் தனி வாசல் வேண்டுமே! மங்கலத்துப் பக்கத்திலிருந்து அப்புசாமி என்கிற கொத்தனாரைக் கூட்டிவந்தார்கள். சுவரைத் தட்டிப் பார்த்துக்கொண்டே வந்தவர் ஓர் இடத்தில் நின்றார்.

"இங்க மொதல்லயே ஒரு வாசல் இருந்து அடச்சிருக்கறாங்க போலிருக்குதுங்க. சும்மா மண்ணப் பூசித்தான் கல்லு வெச்சிருக்குது. நமக்கு வேல மிச்சம்."

கடப்பாரையை இரண்டு தடவை போட்டதுமே கல் பொலபொலவென்று உதிர்ந்தது. பொன்னாத்தாளுக்கு ஒரே சந்தோஷம். நிலையும் கதவும் செய்து வருகிற வரைக்கும் இருக்கட்டும் என்று படுதாவைத் தொங்கவிட்டார்கள்.

மறுநாள் சமையல்கட்டில் உப்புச் சாடி இடம் மாறியிருந்தது. அடுப்புக்கு வலப்பக்கம் வைத்திருந்தது இடப்பக்கம் இருந்தது. எடுத்து வலப்பக்கமே வைத்தாள். சாயங்காலம் வந்து பார்த்தால் மறுபடி இடப்பக்கம். அரிவாள்மணை சுவரோரம் சாய்ந்திருந்தது. அவளுக்கு அதைப் படுக்கவைத்துத்தான் பழக்கம். குடங்களைக் கவிழ்த்து வைத்திருந்தது. வீட்டைக் கலைத்துப் போட்டிருந்தால் பூனை என்று சொல்லலாம், திருடன் என்று சொல்லலாம். இங்கே எல்லாம் ஒழுங்காக இருந்தது. யாரோ ஒருத்தி தனக்குக் கைவாகாக எல்லாவற்றையும் அதனதன் இடத்துக்குத் திருப்பிக்கொண்டிருந்தாள்.

பிறகு ஈரக் கால்தடம். காவி பூசிய தரையில், படுதாவிலிருந்து கிளம்பி, கிழக்கறையைக் கடந்து, சமையல்கட்டு வரைக்கும். அகலமான பாதம், வெடித்த குதிகால். உள்ளே வந்த தடம் இருந்தது, திரும்பிப் போன தடத்தைக் காணோம். பொன்னாத்தாள் துணியைப் போட்டுத் துடைத்தாள். துடைத்த துணியில் அரப்பு மணந்தது.

ரத்தினசாமி கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். அன்றைக்கு அவன் வந்ததும் சொன்னாள்.

"ஏனுங்க, இந்த ஊட்டுல நம்மளத் தவர வேற ஆரோ இருக்கறாங்க."

"இருந்தா வாடகை கேளு" என்று சிரித்தான். பிறகு அவள் முகத்தைப் பார்த்து, "பயமா இருந்தா வித்துட்டுப் பழையபடி லைன் ஊட்டுக்கே போயரலாமா புள்ள?" என்றான்.

அவன் நல்ல மனதோடுதான் கேட்டான். அவளுக்கோ சுருக்கென்றது. அதற்கப்புறம் அவனிடம் ஒன்றும் சொல்லவில்லை.

அடுத்த நாள் விளக்கு வைக்கிற நேரம். காற்று ஓய்ந்திருந்தது. அரிசி களைந்துகொண்டிருந்தாள். கிழக்கறையில் சேலை உரசுகிற சத்தம் கேட்டது. சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாக நடக்கிற சத்தம். மூட்டு வலிக்காரர்கள் உட்காரும்போது ஒரு பெருமூச்சு விடுவார்களே, அந்தப் பெருமூச்சு. தரையில் ஓர் உடம்பு இறங்கி உட்கார்ந்தது. பொன்னாத்தாளின் கை அரிசிக்குள்ளேயே நின்றுவிட்டது. வீடு முழுக்க அரப்பு மணம். தண்ணீர் சொட்டுகிற சத்தம். சொட்டு. சொட்டு.

அப்புறம் ஒரு குரல். கோபமில்லாத, வயதான குரல்.

"ஆரது, ஊட்டுக்குள்ள?"

அவள் எழுந்து ஓடினாள். அரிசி கொட்டியது. செருப்பில்லை, முந்தானை எங்கேயோ கிடந்தது. எதிர்வீட்டு வள்ளியாத்தாளின் வாசலில் போய் விழுந்த பிறகுதான் மூச்சு வந்தது.

வள்ளியாத்தாள் அதே வீதியில் பிறந்து வளர்ந்தவள். தண்ணீர் கொடுத்தாள், முதுகை நீவினாள். எல்லாவற்றையும் கேட்ட பிறகும் பெரிதாக அதிர்ச்சி அடையவில்லை.

"அந்தச் செவுத்துல எதுக்கு அம்மிணி கை வெச்சீங்க?" என்றாள். "பெரியாத்தா செத்தது அவிட்டத்துல. அடைப்பு நச்சத்திரம். அப்படிச் செத்தவங்கள நெலவாசல் வழியாக் கொண்டு போனா அதே வழியில திரும்பி வந்துருவாங்க. அதனால கெழக்குச் செவுத்த இடிச்சு, அதுல பொணத்த வெளிய எடுத்து, ஒடனே கல்ல வெச்சு அடச்சாங்க. திரும்பி வந்தாலும் வழி தெரியக் கூடாதுன்னு. நீங்க அந்த எடத்துலயே வாசல் வெச்சுட்டீங்க."

பொன்னாத்தாள் திரும்பித் தன் வீட்டைப் பார்த்தாள்.

"அடைப்பு ஊட்ட மாசக்கணக்குல பூட்டிப் போடோணும். சுப்பண்ணனுக்குப் பொறுக்கல, சுண்ணாம்படிச்சு வித்துப்போட்டாரு."

"பால் குடிக்க வந்தீங்களே அக்கா! அன்னைக்கே சொல்லியிருக்கலாமில்ல?"

"சொன்னா நீங்க இருந்திருப்பீங்களா?" வள்ளியாத்தாள் கூசாமல் கேட்டாள். "அடைப்பு ஊடு இருக்கற வீதின்னு பேராச்சுன்னா எங்க ஊட்டுக்கு ஆரு குடிவருவாங்க? நாங்களும் பொழைக்கோணுமில்ல. இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போகல. ஊட்டப் பூட்டிப்போட்டு, அடைப்பு கழியற வரைக்கும் வேற எங்காச்சும் வாடகைக்கு இருங்க. என்ற லைன்ல கூட ஒண்ணு காலியாத்தான் கெடக்குது."

அடிப்பாவி! பொன்னாத்தாளுக்குப் பயத்தை மிஞ்சிக்கொண்டு ஆங்காரம் வந்தது. தாலிக்கொடியைக் கொடுத்து வாங்கிய என் வீட்டைப் பூட்டிவிட்டு, இவளிடம் போய் மிளகாய் வறுக்கலாமா என்று கேட்டுக்கொண்டு நிற்பதா?

"நான் எதுக்குங்க போகோணும்? என்ற ஊடு. அவ போகட்டும்" என்று எழுந்தாள்.

ரத்தினசாமிக்கு அன்று ராத்திரி வேலை, அவள் விடிகிற வரைக்கும் முன்வாசலிலேயே உட்கார்ந்திருந்தாள். மறுநாள் கம்பெனிக்குப் போகவில்லை. அப்புசாமியைப் பிடித்து இழுத்துவந்து, திறந்த வாசலை அடைக்கச் சொன்னாள். மனுஷன் தலையில் அடித்துக்கொண்டார், ஆனாலும் செய்தார். அவர் சந்தில் நின்று கல் அடுக்க, அவள் பக்கத்தில் நின்று கல் எடுத்துக் கொடுத்தாள். ஒவ்வொரு கல் ஏறும்போதும் நெஞ்சில் கனம் குறைந்தது. கடைசிக் கல்லையும் வைத்து, சாந்து பூசி, கையைக் கழுவிக்கொண்டே அப்புசாமி கேட்டார்.

"உள்ள உக்காந்திருக்கறாங்களே, அந்தப் பெரியம்மா ஆருங்க? உங்கம்மாளுங்களா?"

அவள் அடைத்த சுவரைத் திரும்பிப் பார்த்தாள்.

"கல்லு ஏற ஏற என்னையவே பாத்துட்டிருந்தாங்க. வெளிய வர்றீங்களான்னு கேட்டேன். 'என்ற ஊட்ட உட்டு நான் எதுக்கு வரோணும்'னாங்க."

"இடிச்சுருங்க" என்றாள் பொன்னாத்தாள். "மறுபடி இடிச்சுருங்க."

"என்னுங்கம்மிணி, வெளையாடறீங்களா?" அப்புசாமி கரண்டியைச் சாக்கில் சுற்றிக்கொண்டு போயே போய்விட்டார்.

பொழுது இறங்கிக்கொண்டிருந்தது. ரத்தினசாமிக்கு அன்று இரவும் கம்பெனியில் வேலை. பொன்னாத்தாள் முன்வாசலுக்கு வந்து நின்றாள். வீதியில் ஒவ்வொரு வாசலிலும் ஒரு முகம். யாரும் கூப்பிடவில்லை. எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வள்ளியாத்தாள் தன் லைன் வீட்டுச் சாவியை இடுப்பில் செருகியபடி நின்றாள். இன்றைக்கு உள்ளே போகாவிட்டால் இனி எப்போதும் போக முடியாது. பொன்னாத்தாளுக்கு அது தெரிந்தது. காலை எடுத்து நிலைவாசலுக்குள் வைத்தாள்.

உள்ளே ஈரத் தடங்கள். கிழக்குச் சுவர் வரைக்கும் போய், அங்கே நின்று, திரும்பி. மறுபடி சுவர் வரைக்கும் போய், திரும்பி. வீடெல்லாம். அடைத்த சுவரைச் சோதித்துப் பார்த்த தடங்கள்.

பொன்னாத்தாள் நடு வீட்டில் உட்கார்ந்தாள். "இது என்ற ஊடு" என்றாள்.

"என்ற ஊடு" என்றது கிழக்கறை.

விளக்கு அணைந்தது.

கண் திறந்தபோது வெயில் ஏறியிருந்தது. ஓட்டு இடுக்கில் வெளிச்சம். கிழக்கறையில் மல்லாந்து கிடந்தாள். தூங்கிவிட்டோமா? எழ முயன்றாள். முடியவில்லை. வாயைத் திறக்க முயன்றாள். தாடையைச் சுற்றித் துணிக் கட்டு. தலைமுடி ஈரமாக இருந்தது. காலைப் பார்த்தாள். இரண்டு பெருவிரலையும் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். வெள்ளைப் பனியன் துணியைக் கிழித்து, இறுக்கி.

வெளியே ஒப்பாரி. ரத்தினசாமி தேம்புகிற சத்தம். வள்ளியாத்தாளின் குரல்.

"பஞ்சாங்கம் பாத்தீங்களா?"

"பாத்தாச்சுங்க. அடைப்புத்தான்" என்றது ஓர் ஆண் குரல்.

"அப்பச் சரி. நெலவாசல் வேண்டாஞ்சாமி."

அப்புறம் சுப்பண்ணனின் தங்கமான குரல். "அந்தக் கெழக்குச் செவுத்தையே இடிங்க. நேத்து வெச்ச கல்லு, ஈரங்கூடக் காஞ்சிருக்காது. ஏனுங்க ரத்தினசாமி, அழுவாதீங்க. ஊட்டப் பத்திக் கவலயே படாதீங்க. வாங்கறதுக்கு நம்ம கையில ஆளு இருக்குது."

நான் சாகவில்லை. கத்தினாள். சத்தம் வரவில்லை. நான் சாகவில்லை. என்னைப் பாருங்க.

கடப்பாரை விழுந்தது. சுவர் அதிர்ந்தது. இன்னொன்று. சாந்து உதிர்ந்தது. ஒரு கல் விழுந்தது. இன்னொரு கல். வெளிச்சம் முகத்தில் அடித்தது. ஓட்டைக்கு அந்தப் பக்கம் ஆண்கள் குனிந்து கை நீட்டினார்கள். ரத்தினசாமியின் முகம் தெரிந்தது. அவள் கண்ணைத் திறந்து அவனையே பார்த்தாள். அவன் பார்வை அவள் மேல் நிற்காமல் தரைக்குப் போயிற்று.

பின்னாலிருந்து ஈரமான இரண்டு கைகள் அவள் தோளைப் பிடித்தன. காய்ப்பேறிய கைகள். அவசரப்படாமல், அவளை ஓட்டைப் பக்கமாகத் தள்ளின.