இரண்டு கேபிள்

"ஐநூறு வாட் போதும்னு எனக்க கூட்டுகாரன் சொன்னான். நீங்க எதுக்கு பயமுறுத்துதிய?"

கம்ப்யூட்டர் கடைக் கவுண்டருக்கு அந்தப் பக்கம் நின்றவன் சட்டையிலிருந்து மழை சொட்டியது. பெபிஷா அவனைப் பார்க்கவில்லை. அவன் கையிலிருந்த பெட்டியைப் பார்த்தாள். கிராபிக்ஸ் கார்டு. துபாயிலிருந்து அண்ணன் கொண்டுவந்தது. பெயர் விபின், ஊர் இரணியல். எல்லாவற்றையும் அவனே சொல்லிவிட்டான். யாரும் கேட்கவில்லை.

"இந்தக் கார்டு மட்டும் முந்நூத்தி இருபது வாட் எடுக்கும். பிராசசர் இருநூறுக்கு மேல. கேம்ல வெடி வெடிக்கும்போ கார்டு திடீர்னு இன்னும் இழுக்கும். எல்லாத்துக்கும் கரண்டு குடுக்குத எஸ்எம்பிஎஸ் எண்ணூத்தம்பது வாட் வேணும்."

"எண்ணூத்தம்பதா! கம்ப்யூட்டர் ஓட்டவா, மாவு மில்லு ஓட்டவா?"

"மில்லுக்கு இது பத்தாது."

அவன் சிரித்தான்... அவள் நிமிர்ந்தாள். நிமிர்ந்திருக்கக் கூடாது.

நனைந்த இமைகள். தேன் நிறத்தில் கண்கள். வெளிச்சம் கண்ணுக்குள் போகும் என்றுதான் கல்லூரியில் இயற்பியல் படித்திருந்தாள். வெளியேயும் வருமா என்ன...

"செரி, எண்ணூத்தம்பதே தாங்க. வேற எதாவது கவனிக்கணுமா?"

"இல்ல... அவ்வளவுதான்."

தக்கலை மழைக்குள் அவன் ஓடினான். அவள் மேசையைத் துடைத்தாள். ஏற்கெனவே துடைத்த மேசைதான்.

அடுத்த வாரம் ஆட்டோவில் வந்து இறங்கினான். பாலிதீனில் சுற்றிய கம்ப்யூட்டர் கேபினட்டைக் கவுண்டரில் வைத்தான். இப்போது சிரிப்பு இல்லை.

"கேம் தொடங்குனா பொத்துன்னு அணைஞ்சு போவுது. நீங்க சொன்னியன்னுதான வாங்குனேன்? எனக்க அண்ணன் வெயில்ல நின்னு சம்பாதிச்சு வாங்குன கார்டாக்கும். அது எரிஞ்சிருந்தா நான் என்ன சொல்லுவேன்?"

கடைக்காரர் மரியஜான் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தார்.

"மக்கா பெபிஷா, அந்த எஸ்எம்பிஎஸ் பீஸ் மோசமா இருக்கும். திருப்பி எடுத்திட்டு அந்தத் தம்பிய விடு. நமக்கு வம்பு வேண்டாம்." சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார்.

அவள் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றினாள். பார்த்ததும் புரிந்தது. கார்டில் இரண்டு மின் இணைப்புகள். ஒரே கேபிளின் இரண்டு தலைகளை இரண்டிலும் சொருகியிருந்தான். இவ்வளவு பெரிய கார்டுக்குத் தனித்தனிக் கேபிள் வேண்டும். இதை வாங்குகிற எல்லாரிடமும் இரண்டு விரலைக் காட்டிச் சொல்வாள். அன்றைக்குச் சொல்லவில்லை.

பீஸ் மோசம் என்று சொல்லிவிடலாம். அவன் வேறு எங்காவது வாங்கிக்கொள்வான். அவள் பெயர் கெடாது. அவனும் இனி வரமாட்டான்...

"பீஸ் நல்லதாக்கும்," என்றாள். "தப்பு எனக்கது."

இன்னொரு கேபிளை எடுத்துச் சொருகினாள். கடை மானிட்டரில் இணைத்து, விளையாடச் சொன்னாள். துப்பாக்கிகள் முழங்கின. கட்டடம் ஒன்று இடிந்தது. கம்ப்யூட்டர் அணையவில்லை.

"கார்டு?"

"ஒண்ணும் ஆகல்ல. எஸ்எம்பிஎஸ் தன்னால அணைஞ்சு அதக் காப்பாத்தியிருக்கு."

அவன் மூச்சு விட்டான். விளையாடிக்கொண்டே கேட்டான்.

"மில்லுக்குப் பத்தாதுன்னு சொல்லத் தெரிஞ்சுது. இத சொல்ல வாய் வரல்லியா?"

அவள் ஸ்குரூ டிரைவரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"எல்லார்ட்டயும் சொல்லுவேன். உங்கள்ட்ட மட்டும்..."

"என்கிட்ட மட்டும்?"

"நீங்க சிரிச்சிய. எனக்கு... மறந்து போச்சு."

சொல்லிவிட்டாள். மழை பெய்துகொண்டிருந்தது. இனி எதையும் திரும்ப எடுக்க முடியாது.

"மாட்டும்போ எனக்கும் சந்தேகம் வந்துது," என்றான் அவன், மெதுவாக. "போன் போட்டு கேக்கலாம்னு எடுத்தேன்... வச்சேன். திரும்ப எடுத்தேன்..."

"கேட்டிருக்கலாமே."

"கேபிளப் பத்தி மட்டும் கேட்டுட்டு வைக்க முடியாதுன்னு தோணிச்சு. அதான் பயம்."

"இப்பம்?"

"இப்பம் பயம் இல்ல. எனக்கு உங்கள பிடிச்சிருக்கு, பெபிஷா."

திரையில் அவனுடைய ஆள் நடுத்தெருவில் அசையாமல் நின்றிருந்தான். யாரோ சுட்டார்கள். விழுந்தான்.

விபின் திரையைத் திரும்பிப் பார்க்கவில்லை.