அந்த வீட்டில் ஒருத்தர்தான்

இடுப்பு விட்டுப் போயிருந்தது. கிழவரைப் படுக்கையிலிருந்து நாற்காலிக்கு, நாற்காலியிலிருந்து கழிப்பறைக்கு, அங்கிருந்து மறுபடி படுக்கைக்கு என்று இரண்டு வருஷமாகத் தூக்கிச் சுமந்த வலி, முதுகுத்தண்டின் அடியில் துருப்பிடித்த ஆணி மாதிரி இறங்கி உட்கார்ந்துவிட்டது. வர்சினா சமையல் மேடையில் இரண்டு கையையும் ஊன்றி, மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"பா, கெட்டில் சூடு. பாத்துத் தூக்குங்க" என்றது கூரை ஸ்பீக்கரிலிருந்து மேமின் குரல்.

அவள் இன்னும் கெட்டிலைத் தொடவே இல்லை.

திரும்பிப் பார்த்தாள். கெட்டில் அதன் இடத்தில் இருந்தது. அதன் கைப்பிடியில் ஒட்டியிருந்த வெள்ளைப் பொத்தான் பச்சையாக ஒருமுறை மின்னி அணைந்தது. "தூக்குற நானே இங்க நிக்கிறேன், அதுக்குள்ள என்ன அவசரம்?" என்று கூரையைப் பார்த்து ஜாவா மொழியில் ஒரு கெட்ட வார்த்தை சொன்னாள். பயம் வரவில்லை. எரிச்சல்தான் வந்தது. அந்தக் குரலைக் கேட்டாலே வருகிற எரிச்சல்.

சுமத்ராவில் காடு எரிந்துகொண்டிருந்தது. கடல் தாண்டி, பிடோக் பேட்டையின் பதினோராவது மாடி வீட்டுக்கு அந்தப் புகை பத்து நாளாக வந்து ஜன்னலில் முகத்தை அழுத்திக்கொண்டு நின்றது. எதிர் பிளாக் தெரியவில்லை. நடுப்பகலிலேயே டியூப் லைட் போட வேண்டியிருந்தது. துண்டில், தலையணையில், வடித்த சோற்றில், எல்லாவற்றிலும் கருகிய புல்லின் வாடை. ஜன்னல்களை இழுத்துச் சாத்தியதால் வீட்டுக்குள் சின்னச் சத்தம்கூடப் பெரிதாகக் கேட்டது: குழாய் சொட்டுவது, ஃபிரிஜ் முனகுவது, ஆகோங் தொண்டையில் சளி உருளுவது.

ஆகோங் என்றால் தாத்தா. கிழவரை அவள் அப்படித்தான் கூப்பிடுவாள். தன் பெயர், மகள் பெயர், சோறு என்கிற வார்த்தை எல்லாம் அவருக்கு எப்போதோ மறந்துபோயிற்று. அவருடைய மகள் லிங் ஹுவீதான் மேம். நகரத்தின் இன்னொரு மூலையில் அடுக்குமாடி, வங்கி வேலை, வாரத்துக்கு ஒருமுறை வந்து பத்து நிமிஷம் நிற்பது. மீதி நேரத்துக்கெல்லாம் இந்த வீட்டையே காவலுக்கு வைத்திருந்தாள். கெட்டில், கப், குழாய், மெத்தை, துடைப்பம், கஞ்சிக் கிண்ணம், எல்லாவற்றிலும் அசைவைக் கண்டறியும் பொத்தான். இது நகர்ந்தால் இது, அது நனைந்தால் அது என்று வீடே யோசித்து மேமின் போனுக்குச் சேதி அனுப்பும். மேமின் குரலையே பதிந்துவைத்துக்கொண்டு கிழவருக்குப் புத்தி சொல்லும்.

பொத்தான்களை ஒட்டிய ரோஸ்லானிடம் அவள் அன்றைக்கே கேட்டிருந்தாள்.

"நான் டீ போட்டா அதுக்கு எப்படித் தெரியும் அண்ணே?"

"தெரியாது அக்கா. பொருளுக்குப் பொருள் முடிச்சுப் போட்டு வச்சிருக்கு. கெட்டிலும் கப்பும் சேர்ந்து அசைஞ்சா டீ. டீ போட்டா ஆளு தெளிவா இருக்காரு. எல்லா முடிச்சும் கடைசியில தாத்தா பேர்லதான் போய் நிக்கும். இந்த வீட்டுல ஒருத்தர்தான்னு எழுதியிருக்கு."

"அப்ப நான்?"

"நீங்க இல்ல." சிரித்தான். "ரெண்டாவது ஆளைச் சேர்க்க மாசத்துக்குத் தனிக் கட்டணம். உங்க மேம் வேணாம்னுட்டாங்க. கோச்சுக்காதீங்க, பேயா இருக்கறதுலயும் ஒரு சௌகரியம் இருக்கு. வாடகை இல்ல."

அன்றைக்கு அவளும் சிரித்துவிட்டாள். போன ஞாயிற்றுக்கிழமைதான் அந்தச் சிரிப்பின் விலை தெரிந்தது.

"நேத்து பா தானே குளிச்சிருக்கார்" என்று மேம் போனைப் பார்த்தபடி சொன்னாள். "கஞ்சி காய்ச்சியிருக்கார். தரை துடைச்சிருக்கார். அப்ப நீ என்னதான் பண்ற வர்சினா? டிவி பாக்குறியா?"

"அதெல்லாம் நான் பண்ணதுங்க மேம்."

"வீடு அப்படிச் சொல்லலையே."

"வீடா வந்து அவரு குண்டியைக் கழுவுது?"

மேமின் முகம் சிவந்தது. "வாய் நீளுது உனக்கு. மாசக் கடைசியில ஏஜென்சிக்கே திருப்பி அனுப்பிடறேன். பா தனியாவே சமாளிக்கிறார்."

அதிலிருந்து ஒவ்வொரு பாத்திரத்தையும் அறைந்துதான் வைத்தாள். அவள் அறைந்த அறையெல்லாம் கிழவரின் சுறுசுறுப்பாகப் போய்ச் சேர்ந்திருக்கும்.

இஞ்சி தட்டிப்போட்ட மீன் கஞ்சியை எடுத்துக்கொண்டு அறைக்குள் போனாள். ஆகோங் மல்லாந்து கிடந்தார். முதல் கரண்டியை உதட்டுக்கிடையில் வைத்தாள். கஞ்சி உள்ளே போகவில்லை. கன்னத்தில் வழிந்து, காதுமடலுக்குள் போய்த் தேங்கியது. அவர் துடைக்கவில்லை. கண் பாதி திறந்து கூரையில் நின்றிருந்தது. தொட்டாள். மூக்கு நுனி ஜில்லென்றிருந்தது.

"பா, நல்லாச் சாப்பிடறீங்க" என்றது மேமின் குரல்.

"வாயை மூடு!" என்று கத்தினாள்.

மனுஷனுக்குச் செய்யவேண்டியதைச் செய்தாள். காதைத் துடைத்தாள். கண்ணை மூடினாள். தாடை தொங்காமல் தலையோடு சேர்த்து ஒரு துண்டால் இறுக்கிக் கட்டினாள். பிறகு வாசலுக்கு ஓடினாள். கதவு, ஆகோங் நடமாடிய காலத்தில் தெருவில் இறங்கித் தொலைந்துபோகாமல் இருக்கப் போட்ட கதவு. மேம் தன் போனில் அழுத்தினால்தான் திறக்கும். வர்சினாவின் போன் வாரம் ஒருநாள்தான் அவள் கைக்கு வரும். தட்டிப் பார்த்தாள். எல்லா வீடும் புகைக்குப் பயந்து சாத்திக் கிடந்தது. யாரும் வரவில்லை. சாப்பாட்டு மேஜைக்கு மேலே சுவரில் ஒரு திரை உண்டு. அது ஒருத்தியைத்தான் கூப்பிடும்.

"மேம், ஆகோங் போயிட்டாரு."

"எங்க போயிட்டார்?"

"செத்துட்டாரு மேம்."

"பொய் சொல்லாத. இந்தா, கூடத்துல நடக்குறார்னு காட்டுது."

"நடக்கறது நான்!"

"இப்ப மேஜைகிட்ட நிக்கிறார்."

"நான்தான் மேம் நிக்கிறேன்! நான்! ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்க, கதவைத் திறங்க!"

"அனுப்பிடுவேன்னு சொன்னதுக்கு நாடகமா? சரி. நீதான்னா, உக்காரு. அசையாம உக்காரு. பாக்கறேன்."

உட்கார்ந்தாள். கையை மடியில் போட்டாள். இடுப்பு கொன்றது; இருந்தும் நகரவில்லை. இரண்டு வருஷத்தில் முதல்முறையாக அந்த வீட்டின் வாயாலேயே உண்மையை வரவழைக்கப் போகிறாள். அந்த ஆங்காரம் அவளை நாற்காலியோடு சேர்த்துக் கட்டிப்போட்டது.

"ம்... படுக்கையில இருக்கார்னு காட்டுது" என்றாள் மேம். குரல் இறங்கியிருந்தது.

"அதான் மேம். அவரு அங்க. நான் இங்க."

"இரு... எழுந்துட்டார். அசையாதேன்னேன்ல?"

"நான் அசையல."

"பா, மெல்ல" என்றது கூரை. திரையில் ஒரு லிங் ஹுவீ, கூரையில் ஒரு லிங் ஹுவீ. "செருப்பு போட்டுக்குங்க."

உள்ளே மெத்தையின் ரப்பர் விரிப்பு, மேலே கிடந்த பாரம் நீங்கினால் எழுப்பும் அந்தச் சத்தத்தை எழுப்பியது. அவளுக்கு அது நன்றாகத் தெரியும். நாளெல்லாம் அவளே எழுப்பவைக்கிற சத்தம். பிறகு குளியலறைக் குழாய் திறந்தது. வாளியில் தண்ணீர் விழுந்தது. வாளி நிறைந்ததும் குழாய் மூடியது. ஒழுங்காக. அவள் மூடுகிற மாதிரி, இரண்டாவது திருகலில்.

"தரை துடைக்கிறார் பாரு!" மேம் சந்தோஷமாகச் சிரித்தாள்.

ஈரத்துணி தரை ஓட்டின் மேல் இழுபடுகிற சத்தம். நிறுத்தம். மறுபடி இழுபட்டது. அறை வாசலைத் தாண்டி ஒரு ஈரத்தடம் கூடத்துக்குள் வந்தது. டியூப் லைட்டில் மினுங்கியது. இன்னொன்று. கொஞ்சம் பக்கத்தில்.

எழுந்து ஓடலாம். ஓடினால் அந்த ஓட்டமும் அவர் பெயரில் போகும். நாற்காலியிலேயே இருந்தாள்.

கரண்டி கிண்ணத்தில் தட்டியது.

இஞ்சி வாடை. அதற்கு அடியில் வேறொரு வாடை.

பாதங்கள். அவள் நகம் வெட்டிவிட்ட பாதங்கள். குதிகால் நீலம்.

முகத்தைப் பார்க்கக் கூடாது என்று நினைத்தாள். பார்த்தாள். அவள் கட்டிய துண்டு அப்படியே இருந்தது, உச்சியில் முடிச்சோடு. அவள் மூடிய கண்கள் மூடியே இருந்தன. ஒரு கை அவளுடைய பின்னந்தலையைத் தாங்கிப் பிடித்தது. புரையேறாமல் இருக்க அவள் பிடிக்கிற அதே பிடி. ஜில்லென்ற பிடி.

"பா, கொஞ்சம் கொஞ்சமா" என்றது கூரை.

"ஊட்டுறார்னு வருது..." திரையில் மேமின் சிரிப்பு நின்றது. "யாருக்கு ஊட்டுறார்? பா... அங்க வேற யாரு இருக்கா?"

வர்சினா பதில் சொல்ல வாயைத் திறந்தாள். கரண்டி உள்ளே போனது.

இரண்டு வருஷமாக, வேளை தவறாமல், அவள் அவருக்கு ஊட்டிய கஞ்சி. அதில் ஒரு கரண்டிதான் திரும்பி வந்திருந்தது. மீதி அத்தனையும் பாக்கி.