ராசியான கையும் கொழுத்த மாடும்

ராமலிங்கத்தின் கை ராசியான கை. அப்படிச் சொன்னது யார் என்று கேட்டால், ராமலிங்கம்தான்.

அவர் பட்டுக்கடை முதலாளி. ராஜவீதி வியாபாரிகள் சங்கத்துக்கும் தலைவர். கடை வாசலில் ‘ஒரே விலை, பேரம் கிடையாது’ என்று ஒரு பெரிய பலகை தொங்கும். தினமும் காலையில் அந்தப் பலகைக்கு அடியிலிருந்து இறங்கி வந்து, எதிரே நிற்கும் சங்கீதாவின் கொய்யா வண்டியில் பேரம் பேசுவார்.

அன்றைய முதல் வியாபாரம்தான் போணி. போணிக்கு வந்தவரை வெறுங்கையோடு அனுப்பினால் நாள் முழுக்க வியாபாரம் படுத்துவிடும் என்று சங்கீதாவுக்குப் பயம். அந்தப் பயம் ராமலிங்கத்துக்கு நன்றாகத் தெரியும். நல்ல பழமாகப் பொறுக்கிக்கொண்டு பாதி விலை கொடுப்பார்.

ஒருநாள் சங்கீதா அவர் பொறுக்கிய பழப் பையைக் கொடுக்காமல் இறுகப் பிடித்துக்கொண்டாள். “இந்த விலைக்கு வேணாம்ணா. கட்டுப்படி ஆவல.”

“போணியத் திருப்பி அனுப்புறியா? நியாயமா இது?”

பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்த ஷாரோனை அவர் கைதட்டிக் கூப்பிட்டார். ஆறாம் வகுப்புப் பெண். “கொயந்த பொய் சொல்லாது. நீயே நியாயம் சொல்லும்மா.”

கூட்டம் சேர்ந்துவிட்டது. சண்டை பார்க்க அழைப்பிதழ் யாருக்கு வேண்டும்?

“நான் சொல்றத ரெண்டு பேரும் ஒத்துக்குவீங்களா?” என்றாள் ஷாரோன்.

“தலைவர் வாக்கும்மா” என்றார் ராமலிங்கம். சங்கீதாவும் தலையாட்டினாள்.

“சார், உங்க கடையில மொத ஆளு பாதி விலைக்குக் கேட்டா குடுப்பீங்களா?”

“பட்டு வேற, கொய்யா வேற.”

“நீங்க போணி பண்ணா அக்காவுக்கு நல்லா விக்குதா?”

“நம்ம கை அப்பிடி.”

“சாயங்காலம் மீந்துபோன பழத்தையெல்லாம் அதோ, ஓரமா படுத்திருக்குதே, அந்த மாடுதான் தின்னுது சார். போன வாரம் நீங்க மாகறல் கோயிலுக்குப் போயிருந்தீங்க. மாடு பட்டினி.”

“அதான் இப்பிடி ஊதிப்போய்க் கெடக்குதா?” என்றார் டீக்கடைக்காரர். கூட்டம் சிரித்தது. சங்கீதாவும் சிரித்தாள்.

ஷாரோன் அவள் பக்கம் திரும்பினாள். “அக்கா, இவர்கிட்ட விட்டத நீங்க எங்ககிட்டப் புடிக்கிறீங்க. இவர் போனதும் விலை ஏறிடுது. அதான் யாரும் வாங்கல. அதுவும் தப்புதான்.”

சங்கீதாவின் சிரிப்பு நின்றது.

“மொத ஆளுக்கும் கடைசி ஆளுக்கும் ஒரே விலை. சார் கடைப் பலகையில இருக்குதே, அதே மாதிரி.”

ராமலிங்கம் முழு விலை கொடுத்தார். பெருந்தன்மையோடு சிரித்தார். ஷாரோனின் கன்னத்தைத் தட்டினார், கொஞ்சம் பலமாகவே.

மறுநாள் வண்டி நின்ற இடத்தில் ராமலிங்கத்தின் கார் நின்றது. போக்குவரத்துக்கு வண்டி இடைஞ்சல் என்று சங்கம் ஒருமனதாகத் தீர்மானித்துவிட்டதாம். அந்த ஒரு மனது யாருடையது என்று யாரும் கேட்கவில்லை.

சங்கீதாவின் வண்டி தெருக்கோடியில், சாக்கடை ஓரத்தில் இருந்தது.

“வா நாட்டாமை” என்றாள் அவள், ஷாரோனைப் பார்த்ததும். “ஒன் நியாயம் என்னை எங்க தள்ளியிருக்குது பாரு. ஈ மட்டுந்தான் வருது.”

ஷாரோன் வண்டியில் குவிந்திருந்த பழங்களைப் பார்த்தாள். நியாயம் சொன்னால் இப்படியும் ஆகும் என்று எந்தப் பாடத்திலும் இல்லை.

“இன்னும் போணி ஆவலியாக்கா?”

“எங்க ஆவுது?”

ஷாரோன் ஒரு பழத்தை எடுத்தாள். “எவ்ளோ?”

சங்கீதா முறைத்தாள். “எல்லாருக்கும் எவ்ளோவோ அவ்ளோதான்.”

ஷாரோன் பேரம் பேசாமல் கொடுத்தாள். சங்கீதா காசைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். சிரிக்க மட்டும் செய்யவில்லை.

அந்தக் கொய்யாவை ஷாரோன் வகுப்பில் எல்லார் எதிரிலும் கடித்தாள். வாசனை பிடித்து வந்தவர்களுக்கெல்லாம் ஆளுக்கொரு துண்டு கொடுத்து, வண்டி இருக்கும் இடத்தையும் சொன்னாள். மணி அடித்ததும் பாதிப் பள்ளி தெருக்கோடிக்கு ஓடியது.

சாயங்காலம் மாடு அங்கே வந்தது. காலிக் கூடையை முகர்ந்து பார்த்தது. பிறகு திரும்பி, ராமலிங்கத்தின் கடையைப் பார்த்து மெல்ல நடந்தது.