போடவா?

நெமிலிச்சேரி ஸ்டேஷனிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருந்தது அந்தப் பெண்கள் விடுதி. நாலு மாடி, லிஃப்ட் கிடையாது. பல மாதமாகப் பூட்டிக் கிடந்ததை அடுத்த வாரம் மறுபடி திறக்கப் போகிறார்கள். ஐப்பசி மழை பிடிப்பதற்குள் மொட்டை மாடியில் இருக்கும் ஹீட் பம்ப்பைச் சுத்தம் செய்து குழாயில் வெந்நீர் வர வைக்க வேண்டும். பார்க்க ஏசியின் வெளிப்பெட்டி மாதிரியே இருக்கும். காற்றிலிருந்து சூட்டை இழுத்துத் தண்ணீருக்குக் கொடுக்கும் மெஷின் அது.

உதயகுமாரும் சபீனாவும் வேலைக்குப் புதுசு. சீனியர் துணை இல்லாமல் அவர்கள் வந்த முதல் வேலை இதுதான்.

"கரண்டு போர்டு படிக்கட்டுக்குக் கீழ கீது தம்பி," என்று சொல்லிவிட்டுக் காவல்காரி ஞானம்மாள் கேட்டுப் பக்கமே உட்கார்ந்துகொண்டாள்.

உள்ளே ஈரச் சுண்ணாம்பு வாடை அடித்தது. அதற்கு அடியில் லேசாக, கருகிய ஒயர் வாடை.

பயிற்சியில் முதல் நாளே சொல்லிக்கொடுத்த விதி ஒன்று உண்டு. மெஷினில் கை வைக்கப் போகிறவர் போர்டிலிருந்து ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டுதான் மேலே போக வேண்டும். கட்டை பையில் இருக்கும்வரை கரண்டு வராது, ஃபேன் சுற்றாது, கை கையாகவே இருக்கும். கட்டையைக் கீழே விட்டுப்போன ஒருவன் உயிரோடு இறங்கவில்லை என்றும் சொன்னார்கள். எந்தக் கட்டடம் என்று யாரும் சொல்லவில்லை, இவர்களும் கேட்கவில்லை.

ஃபேனைச் சுத்தம் செய்வதும் ஓட்டிப் பார்ப்பதுமாக வேலை மாறி மாறி நடக்கும். ஒவ்வொரு தடவையும் நாலு மாடி ஏறி இறங்க யாருக்கு மனசு வரும்?

"கட்ட என்கிட்டயே இருக்கட்டும் பா," என்றான் உதயகுமார். "நான் போர்டாண்ட நிக்கிறேன். போடவான்னு கேப்பேன். நீ போடுன்னாத்தான் சொருகுவேன்."

"மறந்துடாத ண்ணா. என் கை உள்ள இருக்கும்," என்று சிரித்துக்கொண்டே ஏறினாள் சபீனா. தூறலுக்குப் பயந்து போனைக் கீழேயே வைத்துவிட்டுப் போனாள். வாழைப்பழச் சோம்பேறிகள் என்று இவர்களைத்தான் சொல்ல வேண்டும்.

மதியம்தான். ஆனாலும் வானம் மூடிக்கொண்டதில் படிக்கட்டு இருண்டு கிடந்தது. மேலே பிரஷ் தேய்க்கும் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது. பிறகு நின்றது.

உதயகுமார் அண்ணாந்து கேட்டான். "போடவா?"

எங்கேயோ தண்ணீர் சொட்டியது. கருகிய வாடை முன்பைவிடக் கிட்டே வந்திருந்தது.

"சபீனா, போடவா?"

"போடு."

மெல்லிய குரல். எதிரொலியில் ஆணா பெண்ணா என்றுகூடத் தெரியவில்லை. அவன் கட்டையைப் போர்டுக்குக் கொண்டுபோனான்.

"போடு மச்சான்."

கை நின்றது.

சபீனா அவனை அண்ணா என்றுதான் கூப்பிடுவாள். ஒருநாளும் மச்சான் என்றதில்லை.

அந்தக் குரல் மாடியிலிருந்தும் வரவில்லை. படிக்கட்டின் முதல் வளைவிலிருந்து வந்தது.

சபீனாவிடம் போக வேண்டுமானால் அந்த வளைவைத் தாண்டித்தான் போக வேண்டும். கட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, சுவரோடு ஒட்டி ஓடினான். வளைவில் யாரும் இல்லை. வாடை மட்டும் மூக்கை அடைத்தது.

மொட்டை மாடியில் சபீனா மெஷின் முன்னால் மண்டியிட்டிருந்தாள். வலது கை முழங்கைக்கு மேலே வரை ஃபேன் இறக்கைகளுக்கு நடுவில் இருந்தது.

"கைய எடு."

"இரு ண்ணா, கிட்ட வந்துட்டேன்," என்றாள், திரும்பாமலே.

தோளைப் பிடித்து இழுத்தான். கை வெளியே வந்தது. மூச்சு வாங்க நின்றவனை அவள் புரியாமல் பார்த்தாள்.

"இன்னாண்ணா ஆச்சு? இப்போதான என் பின்னாடி நின்னுகினு, திருகாணி உள்ள உழுந்து கீது, கைய இன்னும் உள்ள உடுன்னு சொன்னே?"

"நான் கீழதான் இருந்தேன்," என்றான் உதயகுமார். அவளைப் பயமுறுத்தாமல் பொய் சொல்லும் தெம்புகூட அவனிடம் இல்லை.

சாமானை அப்படியே போட்டுவிட்டு, ஒருவர் கையை ஒருவர் விடாமல் இறங்கினார்கள். கட்டை இப்போதுதான், விதிப்படி, அவன் சட்டைப் பைக்குள் போனது.

கேட்டுக்கு வெளியே வண்டியை உதைக்கும்போது ஞானம்மாள் எழுந்து வந்தாள்.

"முடிஞ்சுதா தம்பி? உங்களோட வந்த அந்த இன்னொருத்தரு, படிக்கட்டுலேர்ந்து போடவா போடவான்னு கேட்டுகினே இருந்தாரு. நீங்கதான் ரெண்டு பேரும் வெளிய வந்துட்டீங்களே. நானே போடுன்னு சொல்லிட்டேன்."

மொட்டை மாடியில் ஃபேன் சுற்றத் தொடங்கியது.

"அண்ணா," என்றாள் சபீனா மெதுவாக. "கட்ட எங்க?"

உதயகுமார் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தான். கட்டை அங்கேயேதான் இருந்தது.

நெஞ்சோடு சுட்டது.