புயல் இழுக்காத மருந்து

என் தம்பியை நாங்கள் எல்லாரும் புயல் என்றுதான் கூப்பிடுவோம். நான்காம் வகுப்பின் தொடர் ஓட்ட அணியில் கடைசியாக ஓடுகிறவன் அவன்தான். அந்தப் புயலுக்கு ஒரு வாரமாக மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்கியது.

அவனுக்கு ஆஸ்துமா. காலையும் மாலையும் இன்ஹேலரை இழுத்துவிட்டு வாய் கொப்பளிக்க வேண்டும். இன்னும் எத்தனை முறை அடிக்கலாம் என்று அதில் காட்டும் எண்ணை அம்மா தினமும் பார்ப்பார். அது சரியாகவே குறைந்துவந்தது. எனக்குத்தான் உறுத்தியது. குளியலறைக்குள் 'புஸ்' என்று கேட்கிறது, கொப்பளிக்கும் சத்தத்தை மட்டும் காணோமே!

கதவைத் தள்ளினேன். பயல் மருந்தை ஜன்னலுக்கு வெளியே அடித்துக்கொண்டிருந்தான். வந்த கோபத்துக்கு முதுகில் ஒன்று வைத்திருப்பேன். ஆனால் அவன் கண்ணெல்லாம் தண்ணீர். ஸ்டீராய்டு எடுத்துக்கொண்ட ஓட்டக்காரர் ஒருவரைப் போட்டியிலிருந்து நீக்கியதாகச் செய்தியில் கேட்டானாம். இன்ஹேலரோடு வந்த தாளிலும் அதே வார்த்தை. ரத்தத்தில் கலந்தால் தன்னையும் தூக்கிவிடுவார்களாம். யாரிடமும் சொல்லக் கூடாது என்று சத்தியம் கேட்டான். நானும் புத்தியில்லாமல் செய்துகொடுத்தேன்.

அன்று மாலையே அம்மா எங்களை மருத்துவரிடம் கூட்டிப்போனார். அவர் தம்பியின் நெஞ்சைச் சோதித்தார். மருந்து போதவில்லை போலிருக்கிறது, அளவைக் கூட்டலாம் என்று எழுத ஆரம்பித்தார். சொன்னால் சத்தியம் போச்சு. சொல்லாவிட்டால் தம்பிக்குத் தேவையில்லாத மருந்து.

"டாக்டர், எனக்கு ஒரு சந்தேகம். இத இழுக்கறவங்க ரேஸ்ல ஓடலாமா?"

அவர் பேனாவைக் கீழே வைத்தார். தாராளமாக ஓடலாம் என்றார். தசையை வளர்க்கிற ஸ்டீராய்டு வேறு, இது வேறாம். இது நுரையீரலுக்குப் போய் மூச்சுக்குழாய் வீக்கத்தை அங்கேயே குறைக்குமாம். ரத்தத்தில் கொஞ்சம்தான் சேருமாம். வாயில் தங்குவது உள்ளே போகாமலிருக்கத்தான் கொப்பளிப்பதாம். நடுவில் விட்டால் வீக்கம் திரும்பிவிடும் என்றார்.

"அப்ப என்னத் தூக்க மாட்டாங்களா?" என்றான் புயல். அவ்வளவுதான், மீதியையும் அவனே கொட்டிவிட்டான்.

மருத்துவர் எழுதிய சீட்டைக் கிழித்தார். பழைய அளவே போதும், ஒழுங்காக இழுத்தால் அடுத்த மாதப் போட்டியில் ஓடலாம் என்றார். அம்மா திட்டவில்லை. அவனை இறுக்கி அணைத்துக்கொண்டார்.

வெளியே வந்ததும் தம்பி என் கையைப் பிடித்தான்.

"அக்கா, உனக்கு எதுக்கு அந்தச் சந்தேகம்?"

"நானும் ஓடலாம்னு இருக்கேன்."

"நீயா? பஸ் கிளம்பினாக்கூட நீ நடந்துதான் வருவ."

சொல்லிவிட்டுச் சிரித்தான். நடுவில் இருமினான். இருமல் நின்றதும், விட்ட இடத்திலிருந்து மறுபடியும் சிரித்தான்.