மிச்சம் அஞ்சு நாள்

மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு அப்பாவைக் கைத்தாங்கலாக அந்தப் பழைய மருத்துவமனைக்குக் கூட்டிவந்தாள் மகள். கால்விரல் புண் ஆறவே இல்லை. சர்க்கரையைக் கண்கொத்திப் பாம்பாகக் கவனிக்க வேண்டுமாம். வார்டில் பினாயிலையும் மீறி ஒரு வாடை. அழுகின பழத்தின் தித்திப்பு.

நர்ஸ் தன் சட்டைப் பையிலிருந்து சர்க்கரை அளக்கும் பொத்தான் அளவு சென்சாரை எடுத்து, அப்பாவின் புஜத்தில் அழுத்தி, சுற்றிலும் பிளாஸ்திரி போட்டாள். மகளின் போனோடு இணைத்தாள்.

"போச்சு, இனி ஒளிச்சுத் திங்க முடியாது," என்று சிரித்தார் அப்பா.

போன் திரையில் எண் வந்தது.

முப்பத்தெட்டு.

போன் அலறியது. "ஐயோ, லோ சுகர்! உடனே குளுக்கோஸ் ஏத்தணும்." நர்ஸ் பாட்டிலைத் தூக்கினாள்.

அப்பாவுக்கு வேர்க்கவில்லை, நடுங்கவில்லை. மகளுக்குச் சந்தேகம். வீட்டிலிருந்து கொண்டுவந்த கருவியில் அவர் விரலைக் குத்திப் பார்த்தாள். முந்நூற்றுப் பத்து. இதன்மேல் குளுக்கோஸ் ஏறினால் ஆளே மிஞ்சமாட்டார்.

"ஏத்தாதீங்க சிஸ்டர்! முதல்ல அந்தச் சனியனைக் கழட்டுங்க!"

அப்பா உதட்டை நக்கினார்.

"கொஞ்சம் சர்க்கரை தாம்மா..."

அது அப்பாவின் குரல் இல்லை.

மகளே பிளாஸ்திரியோடு சென்சாரைப் பிய்த்தாள். அடியில் சீழாகக் கொழகொழத்தது. பசையில் நரைமுடி. சாம்பல் நிறத்தில் ஒரு தோல் துணுக்கு. அப்பாவின் கையிலோ முடியே கிடையாது.



"இது யாரோடது?"

"இதே கட்டில்ல இருந்த பெரியவரோடது. பதினாலு நாள் ஓடும், அவர் ஒன்பதாம் நாளே போயிட்டாரு. மிச்சம் அஞ்சு நாளை ஏன் வீணாக்கணும்னு... இங்க எப்பவும் அப்படித்தான்மா."

"எரியற வீட்டுல பிடுங்கினது லாபமா? பொணத்துல உரிச்சதையா எங்கப்பா உடம்புல சொருகினே? எப்படிச் செத்தாரு அவரு?"

நர்ஸ் கிசுகிசுத்தாள். "சுகர் இறங்கி. சர்க்கரை கேட்டுக்கிட்டே இருந்தாரு. வார்டு போன் கத்திச்சு. தொல்லையா இருக்குன்னு சத்தத்தை அமுக்கிட்டேன்."

மகள் அந்தச் சென்சாரைக் குப்பைத்தொட்டியில் எறிந்தாள். அப்பா தூக்கம் கலைந்தவர்போல் விழித்தார். "வாயெல்லாம் ஏன்மா நாறுது?" என்று துப்பினார். அவரை இழுத்துக்கொண்டு வாசல்வரை வந்துவிட்டாள்.

போன் மறுபடி அடித்தது.

ஐம்பது.

எழுபது.

குப்பையில் கிடப்பது எப்படி ஏறும்?

திரும்பிப் பார்த்தாள். நர்ஸ் தரையில் உட்கார்ந்து, டீக்கு வைத்திருந்த சர்க்கரை டப்பாவைக் கவிழ்த்து, இரண்டு கையாலும் வாயில் அள்ளித் திணித்துக்கொண்டிருந்தாள். எச்சிலும் கண்ணீரும் சர்க்கரையும் குழைந்து மோவாயில் வழிந்தன.

"இன்னும் கொஞ்சம் தாம்மா," என்றாள், சற்றுமுன் அப்பாவின் வாயில் வந்த அதே கிழவரின் குரலில்.

தொண்ணூறு.