இரண்டாவதாக வந்தவர்

பார்த்த ஏழு ஊர்களில் அந்த ஊர்தான் அதிக மதிப்பெண் வாங்கியது. மதிப்பெண் போட்டவர் என் கணவர். பஸ் டிப்போவில் முப்பத்திரண்டு வருஷம் டைம் கீப்பராக இருந்தவர். எதையும் கட்டம் போட்டு எழுதாவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது. ரிட்டயர் ஆன மறுநாளே ஒரு நோட்டு வாங்கி வந்து தண்ணீர், தெரு, ஆஸ்பத்திரி, கடை, அக்கம்பக்கம் என்று ஐந்து கட்டம் போட்டுவிட்டார். தண்ணீர் ஓரமாக ஒரு சின்ன ஊர், அதில் ஒரு சின்ன வீடு, மிச்ச நாளை அங்கே கழிக்க வேண்டும். அதுதான் அவருடைய ஆசை.

நான் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவளாக இருந்தேன். ஜன்னல் இல்லாத அறையில் நின்று, வந்தவர்கள் எல்லோரிடமும் "மூச்ச அடக்குங்க" என்று சொல்லியே என் காலம் போனது. எனக்கு ஒரு ஜன்னல் கிடைத்தால் போதும். வெளியே ஏரி இருந்தாலும் சரி, வெறும் சுவர் இருந்தாலும் சரி.

ஊர் அழகாகத்தான் இருந்தது, அதைச் சொல்லியே ஆகவேண்டும். எந்தத் தெருவில் நடந்தாலும் கடைசியில் ஏரி வந்து நின்றது. வீடுகளின் சுவரில் பாதி உயரத்துக்கு ஈரம் ஏறியிருந்தது. படகுகள் ஒன்றையொன்று இடித்துக்கொள்ளும் சத்தம் நாள் முழுக்கக் கேட்டது. தரகர் காட்டிய வீட்டுக்கு இரண்டு வாசல். முன்வாசல் தெருவுக்கு, பின்வாசல் ஏரிக்கு. பின்வாசலில் நாலு படி இறங்கினால் தண்ணீர். வீட்டுக்குள் பாசி வாடையும் நனைந்த மர வாடையும் கலந்து அடித்தன. முதலில் ஒரு மாதம் இருந்து பார்ப்பது, பிடித்தால் வாங்கிவிடுவது என்று பேசி முடித்தோம்.

சாவியைக் கொடுத்துவிட்டுத் தரகர், "அப்ப நான் போறேன்" என்றார்.

எங்கள் வீட்டில் யாராவது வாசலில் நின்று அப்படிச் சொன்னால் பிடித்து உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, திருத்திச் சொல்ல வைத்துத்தான் அனுப்புவோம். என் கணவர் சிரித்துக்கொண்டே, "போறேன்னு சொல்லாதீங்க சார், போயிட்டு வரேன்னு சொல்லுங்க" என்றார்.

தரகர் சிரிக்கவில்லை. அவருடைய பார்வை எங்களைத் தாண்டிப் பின்வாசலுக்குப் போனது.

"இங்க அப்படிச் சொல்றதில்ல சார்" என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் படி இறங்கிவிட்டார்.

பிறகுதான் கவனித்தேன். ரொட்டிக் கடைக்காரர், தபால்காரர், பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள், எல்லோரும் முகத்தில் அடித்த மாதிரி "போறேன்" என்றுதான் சொன்னார்கள். வீட்டில் இருப்பவர்களும் "சரி" என்று சொல்லிக் கதவைச் சாத்தினார்கள். என்ன ஜனங்களோ என்று எனக்கு எரிச்சலாக வந்தது. என் கணவர் அக்கம்பக்கம் என்ற கட்டத்தில் அரை மதிப்பெண் குறைத்துவிட்டு, அப்படியும் இந்த ஊருக்குத்தான் முதலிடம் என்று காட்டினார்.

அவர் அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் பார்த்ததில்லை. பக்கத்து வீட்டில் படகு பழுதுபார்க்கும் ஓர் அம்மாள் இருந்தார். ஊரே படகுக்காரம்மா என்றுதான் கூப்பிட்டது. அவரிடம் ஒரு சின்னப் படகை வாடகைக்கு எடுத்தார். தினமும் காலை ஒன்பதுக்குப் பின்வாசல் படியில் நின்று, "போயிட்டு வரேன், பதினொண்ணுக்கு வந்துடுவேன்" என்பார். நான் சமையலறையில் இருந்தபடியே, "போயிட்டு வாங்க" என்பேன். பதினொன்று அடிக்கும்போது படியில் நிற்பார். அதில் ஒரு நிமிஷம் தப்பாது. ராகம் சேராத பாட்டு ஒன்றைப் பாடிக்கொண்டு துண்டால் கையைத் துடைப்பார். எனக்கு அதைப் பார்ப்பதே போதுமாக இருந்தது. இந்த மனுஷனோடு இந்த ஜன்னலோரத்தில் இன்னும் பதினைந்து வருஷம் கிடைத்தால் வேறு எதுவும் வேண்டாம் என்று நினைத்தேன்.

மூன்றாவது நாளோ நாலாவது நாளோ, ஒரு சத்தம் கேட்டது. நான் "போயிட்டு வாங்க" என்று சொன்ன பிறகு, அவருடைய துடுப்புச் சத்தம் தேய்ந்த பிறகு, பின்வாசல் பக்கமிருந்து வந்தது.

"ம்."

கதை கேட்பவர்கள் நடுவில் சொல்வார்களே, அந்த மாதிரி. தண்ணீர் படியில் மோதும் சத்தம் என்று நினைத்துக்கொண்டேன். மறுநாளும் கேட்டது. அதற்கு மறுநாளும் கேட்டது.

ஒன்பதாவது நாள் பனி இறங்கியிருந்தது. பின்வாசலைத் திறந்தால் இரண்டாவது படிக்கு மேல் தெரியவில்லை. இன்று வேண்டாம் என்றேன். பனியில் பஸ் ஓடாமலா இருந்தது என்று கேட்டுவிட்டு அவர் படகை அவிழ்த்தார். வழக்கம்போல் அவர் சொன்னார். வழக்கம்போல் நானும் சொன்னேன்.

பத்து மணிக்குப் படகுக்காரம்மா வந்தார். கையில் பிசின் ஒட்டியிருந்தது. உள்ளே வந்ததும் முதல் வேலையாகப் பின்வாசல் தாழ்ப்பாளைப் போட்டார். சுவர் மெல்லிசு, நாங்கள் தினமும் சொல்லிக்கொள்வது அவருக்குக் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறது. எங்கள் விஷயத்தில் தலையிட வேண்டாம் என்று இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டு இருந்தாராம். இன்று பனியைப் பார்த்ததும் மனசு கேட்கவில்லையாம்.

"இங்க அந்த வார்த்தையச் சொன்னா ஏரியும் கேட்குதும்மா" என்றார். "ஒருத்தர் வரேன்னு சொல்லிட்டுப் போனா, வர்றதுக்குன்னு இன்னொண்ணு தயாராயிடும். பனி நாள்ல ரெண்டு பேரும் வருவாங்க."

எனக்குச் சிரிப்பு வரவேண்டிய இடம். வரவில்லை. ரெண்டு பேர் வந்தால் என்ன செய்வது என்று கேட்டேன். என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது.

"ஒருத்தரப் பாத்து, போங்கன்னு சொல்லணும். வெறும் போங்க. சொல்லிட்டா அது திரும்பி வராது."

எது அசல் என்று எப்படித் தெரியும் என்று கேட்டேன். அவர் ஜன்னல் வழியாகத் தன் வீட்டுக் கொட்டகையைப் பார்த்தார். அங்கே அவருடைய கணவர் ஒரு படகைச் சுரண்டிக்கொண்டிருந்தார். எங்களுக்கு முதுகு காட்டித்தான் உட்கார்ந்திருந்தார்.

"நான் சொல்லி இருபது வருஷமாச்சு. நல்ல மனுஷன்தான். ஒரு குறையும் சொல்ல முடியாது" என்றார் படகுக்காரம்மா. "யாருன்னுதான் தெரியல."

பிறகு, "நான் போறேன்" என்று எழுந்து போய்விட்டார்.

நான் நின்ற இடத்திலேயே நின்றேன். பத்தே இருபதுக்கு முன்வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. அவர்தான். பனி அதிகமாகிவிட்டது, பாதியிலேயே திரும்பிப் படகைத் துறையில் கட்டிவிட்டுத் தெரு வழியாக நடந்து வந்தேன் என்றார். எனக்கு உயிர் வந்தது. வெட்கத்தை விட்டுக் கட்டிக்கொண்டேன். சட்டை காய்ந்துதான் இருந்தது. என்ன இது வயசான காலத்தில் என்று கிண்டல் செய்துவிட்டு, டீ கேட்டார். நாற்காலியில் உட்கார்ந்து பேப்பரைப் பிரித்தார். டீயைக் குடித்தார். சர்க்கரை குறைச்சல் என்றார். அவர் எப்போதும் சொல்வதுதான்.

படகுக்காரம்மாவின் மேல் கோபம் கூட வந்தது.

சுவர்க் கடிகாரம் பதினொன்று அடித்தது.

பின்வாசலில் யாரோ தட்டினார்கள்.

"ஏம்மா, கதவத் தொற. கையெல்லாம் வெறச்சுப் போச்சு."

என் கணவரின் குரல்.

நான் நாற்காலியைப் பார்த்தேன். பேப்பர் மெல்லக் கீழே இறங்கியது. அவர் முகத்தில் ரத்தமே இல்லை. எழுந்து வந்து என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"தொறக்காத" என்று நடுங்கும் குரலில் என் காதருகே சொன்னார். "அது நான் இல்ல."

வெளியே சத்தம் நின்றது. பிறகு தாழ்ந்த குரலில், "உள்ள யாரு? யாரு பேசறது?" என்று கேட்டது. அந்தக் குரலும் நடுங்கியது.

ஒரே குரல். ஒரே பயம்.

பதினொன்றுக்கு வருகிறேன் என்று சொன்னவர் பதினொன்றுக்கு வந்திருக்கிறார். எனக்கு அது உறைக்காமல் இல்லை. ஆனால் அவர் சொன்னதை நான் மட்டுமா கேட்டேன்? இத்தனை நாளாக "ம்" என்று சொல்லிக்கொண்டிருந்ததே, அதுவும்தானே கேட்டது? நேரம் அதற்கும் தெரியும். மனிதர்களின் உள்ளே இருப்பதைப் பார்ப்பதையே தொழிலாகச் செய்தவள் நான். அன்று ஒரு பலகைக் கதவுக்கு அந்தப் பக்கம் இருப்பது எனக்குத் தெரியவில்லை. இந்தப் பக்கம் இருப்பதும் தெரியவில்லை.

கடைசியில் நான் யோசித்து முடிவெடுக்கவில்லை. என் கையைப் பிடித்திருந்த கை சூடாக இருந்தது. அவ்வளவுதான் காரணம்.

கதவைப் பார்த்து, "போங்க" என்றேன்.



"சரிம்மா" என்றது அந்தக் குரல்.

நான் எது சொன்னாலும் அவர் அப்படித்தான் சொல்வார். கோபமே இருக்காது. படியிறங்கும் சத்தம் கேட்டது. ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. அதற்குப் பிறகு தண்ணீர் கலங்கும் சத்தம் வரவேண்டும். வரவில்லை.

அன்று மத்தியானமே கிளம்பிவிட்டோம். பின்வாசலைத் திறந்து படகு அங்கே கட்டியிருக்கிறதா என்று பார்த்திருக்கலாம். துறைக்குப் போயும் பார்த்திருக்கலாம். நான் பார்க்கவில்லை. அவரும் போய்ப் பார் என்று சொல்லவில்லை.

இப்போது எட்டு மாதமாகிறது. கிணறுகூட இல்லாத நகரத்தில் நாலாவது மாடியில் ஒரு ஃபிளாட். மகள் போன் செய்யும்போதெல்லாம் அப்பா இப்போதுதான் நிம்மதியாக இருக்கிறார் என்கிறாள். உண்மைதான். நேரத்துக்குச் சாப்பிடுகிறார், நேரத்துக்குத் தூங்குகிறார், என் முழங்காலுக்குத் தைலம் தேய்த்துவிடுகிறார். ஒரு குறையும் சொல்ல முடியாது. இதே வார்த்தையை வேறொருத்தி சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

ஊர்ஊராகப் பார்த்து மதிப்பெண் போட்ட அந்த நோட்டை அவர் எடுப்பதில்லை. கடைக்குப் போகும்போது ஒன்றும் சொல்லாமல் போகிறார். நானும் ஒன்றும் சொல்வதில்லை. அந்த நாளைப் பற்றி இருவரும் வாய் திறந்ததில்லை.

தெரிந்துகொள்ள எனக்கு ஒரு வழி இருக்கிறது. அவருடைய நெஞ்சை நானே பத்துத் தடவை படம் எடுத்திருக்கிறேன். சின்ன வயதில் விழுந்து முறிந்து, கொஞ்சம் கோணலாகச் சேர்ந்த ஒரு விலா எலும்பு அவருக்கு உண்டு. கண்ணை மூடிக்கொண்டு அதை வரைந்துவிடுவேன். பழைய ஆஸ்பத்திரியில் என்னோடு வேலை பார்த்தவளிடம் சொல்லி மூன்று முறை நேரம் வாங்கினேன். மூன்று முறையும் நானே வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அந்தப் படத்தில் விலா எலும்பு நேராக இருந்துவிட்டால் ராத்திரி யார் பக்கத்தில் படுப்பேன்? நான் யாரைப் போகச் சொன்னேன்?

இன்று காலை அவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். வெளியே எதிர் ஃபிளாட்காரர் கதவைப் பூட்டும் சத்தம் கேட்டது. பிறகு அவர் குரல்.

"என்ன சார், வெளியிலேயே நிக்கறீங்க? சாவிய மறந்துட்டீங்களா?"

யாரோ ஏதோ பதில் சொன்னார்கள். என்ன சொன்னார்கள் என்று கேட்கவில்லை. எதிர் ஃபிளாட்காரர் சிரித்தார். லிஃப்ட் வந்தது, கதவு மூடியது, இறங்கியது.

பெல் அடிக்கவில்லை. இரண்டு முறை மெதுவாகத் தட்டினார்கள்.

எழுந்து போய்க் கதவில் காதை வைத்தேன். மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது. நெடுந்தூரம் நடந்து வந்தவர்களின் மூச்சு.

"ஏம்மா" என்றது குரல். "வழி தெரியல. கேட்டுக் கேட்டு வந்தேன்."

என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கை தானாகத் தாழ்ப்பாளுக்குப் போனது.

பின்னால் பேப்பரை மடிக்கும் சத்தம் கேட்டது. அவசரமில்லாமல், ஓரத்தோடு ஓரம் சேர்த்து மடிக்கும் சத்தம்.

"போகச் சொல்லு" என்றார் நாற்காலியில் இருந்தவர்.

அன்று அவர் குரலில் இருந்த பயம் இன்று இல்லை.